நான் எழுதிய பொய்ச்சொல்

வெள்ளவத்தையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையின் மேல்மாடியில் எனக்கு ஒரு மேசை இருந்தது. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விசாவுக்கான கடிதங்கள் என்று நாள் போகும்.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா வந்தார். யுத்தகாலத்தில், டியூசனுக்குப் போன அவருடைய பதினான்கு வயது மகனை ஓர் இயக்கத் தலைவரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை பிறகு திரும்பி வரவேயில்லை. அந்தத் தலைவர் இப்போது வெள்ளைச் சட்டை போட்ட அமைச்சர்.

"பொடியனைப் பிடிச்சு வான் ஒண்டில ஏத்திக்கொண்டு போட்டாங்கள், தங்கச்சி. அப்பிடியே எழுதுங்கோ."

பொலிசுக்குக் கொடுக்கும் அவருடைய முறைப்பாட்டைச் சிங்களத்துக்கு மாற்ற வேண்டும். 'இயக்கத்தில் சேர்ந்தார்' என்று எழுதினேன். தாளின் அடியில் என் பெயரும் முத்திரையும் இருக்குமே என்ற பயம். அக்காவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. நம்பிக் கையெழுத்து வைத்தார்.

சில வருடங்களில் தலைவரின் பதவி போனது. வெளிநாடொன்றுக்குப் போன இடத்தில் அவரைப் பிடித்து, சிறுவர்களைப் பிடித்துப் படைக்குச் சேர்த்ததற்காகப் போர்க்குற்ற வழக்குப் போட்டார்கள். அக்கா ஒரு சாட்சி. இங்கே ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல வேண்டும். "துணைக்கு வாங்கோ" என்று என்னைத்தான் கூப்பிட்டார்.

திரையில் அந்த மனிதர் தலைமயிருக்குக் கறுப்பு மை பூசி, கால்மேல் கால் போட்டு இருந்தார். அவருடைய வக்கீல் ஒரு தாளை எடுத்தார்.

"உங்கள் மகன் சேர்ந்தார் என்று நீங்களே முறைப்பாட்டில் சொல்லியிருக்கிறீர்கள்."

அந்தாள் சிரித்தான். என் சொல்லை வைத்துக்கொண்டு சிரித்தான். உடம்பெல்லாம் பற்றியெரிந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் அப்பிடிச் சொல்லேல்லையே?"

எழும்பிவிட்டேன். "அவ சொல்லேல்லை! பிடிச்சுக்கொண்டு போனதெண்டுதான் சொன்னவ. மாத்தி எழுதினது நான்."

நீதிபதி என்னை இருக்கச் சொன்னார். ஆனால் சொன்னதைப் பதிந்துகொண்டார்கள். மறுநாள் அதையே எழுதிச் சத்தியக்கடதாசி கொடுக்கப் போனேன். "உங்கட லைசன்ஸ் போகும், மிஸ். யோசிச்சீங்களா?" என்றார் சட்டத்தரணி. போனால் போகட்டும் என்றேன். போனது. அக்காவும் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். அவரில் பிழையில்லை.

அவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, அக்காவின் மகனைப் பிடித்ததற்கும் சேர்த்து. கடைசியாகப் பேச இடம் கொடுத்தபோது, எல்லாம் மக்களுக்காகச் செய்தேன் என்றான். அந்தப் பொடியனை எங்கே புதைத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"எத்தனையோ பொடியள். எனக்கு ஞாபகமில்லை."

பதினான்கு வயதுப் பிள்ளை. டியூசன் கொப்பியோடு போன பிள்ளை. ஞாபகமில்லையாம் நாய்க்கு.