ஆளில்லாத இடத்தில் பிறந்தவள்

லீத்தியா பேனா மூடியைப் பல்லால் கழற்றி, வரைபடத்தில் ஒரு வரியைக் கோடு போட்டு அடிக்கிறாள். பூங்காவுக்குள் நடக்க வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டும் வரைபடமும் தருவது அவள் வேலை. ‘மனிதர் காலடி படாத நிலம்’ என்று அதன் அடியில் அச்சடித்திருக்கும். அதை அடிக்காமல் ஒரு தாளும் அவள் மேஜையைத் தாண்டியதில்லை.

அறுபத்தாறு வயது. கடல்நாய்த் தோல் காலணி, மூக்கு நுனியில் கண்ணாடி. “கரடி வந்தா ஓடாதீங்க. ஆத்தைக் காலையிலயே கடந்துருங்க, மத்தியானம் பனி உருகி இடுப்புக்கு மேல ஏறிரும்” என்று மனப்பாடமாகச் சொல்வாள். கடைசியில் மட்டும் குரல் மாறும். “வட்டமா கல்லு கெடந்தா, அடுப்பு கட்ட எடுக்காதீங்க. அது எங்க வீடு. எடுத்தீங்கன்னா, என்னைவிடக் கரடியே தேவலைன்னு ஆயிரும்.”

வீடுதான். தோல்கூடாரத்தின் ஓரத்தைக் காற்று தூக்காமலிருக்க வைத்த கற்கள். வடகோடிப் பனிக்கடல் உள்ளே நுழைந்து முடிகிற பள்ளத்தாக்கில் அப்படிப் பதினோரு வட்டங்கள். அவள் அம்மா பிறந்ததும் அவள் பிறந்ததும் அங்கேதான். பள்ளிக்கூடம் இருக்கிறது, வாருங்கள் என்று அரசாங்கத்தார் எங்களையெல்லாம் இந்த ஊருக்கு அள்ளி வந்தார்கள். பனிமேல் வண்டி இழுக்கும் நாய்களைச் சுட்டார்கள். திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. பிறகு அங்கே போய்ப் பார்த்து, ஆளே இல்லையே, பூங்காவாக்கலாம் என்றார்கள். அங்குள்ள சிகரங்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனவன் பெயரெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது.

இந்த ஜூலையில் தெற்கே அரசாங்கத்திடமிருந்து ஓர் அறிவிப்புப் பலகை வந்தது. மனிதர் காலடி படாததாகச் சொல்லும் நிலத்துக்குத் தெற்கத்தியார் மொழியில் பெருமையாக ஒரு சொல் உண்டு. எங்கள் மொழியில் கிடையாது. மொழிபெயர்த்த புண்ணியவான், எங்கள் எழுத்தில் ‘ஆளில்லாத இடம்’ என்று எழுதிவிட்டான். அதைக் கல்வட்டங்களுக்குப் பக்கத்தில் நட வேண்டுமாம்.

நடப் போனவன் பூங்காக் காவலன் அலூக்கி. முப்பது வயது, தாடிக்காரன். லீத்தியாவின் அம்மா செத்த வாரம் பிறந்தவன் என்பதால் அந்த அம்மாவின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதான் எங்களுக்கு. லீத்தியா அவனை “அம்மா” என்றுதான் கூப்பிடுவாள். அவனும் சளைக்காமல், “மவளே, கண்ணாடியைத் தொடைச்சுப் போடு” என்பான்.

பலகை போனது என் படகில்தான். நானும் வருவேன் என்று லீத்தியா ஏறிக்கொண்டாள். அலூக்கி கடப்பாரையால் குழி தோண்டத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அம்மா, அதுல என்ன எழுதியிருக்குன்னு படி.”

“படிச்சுட்டேன் மவளே. மேல இருந்து உத்தரவு. நடலைன்னா வேலை போயிரும்.”

“போவட்டும்னு நான் சொல்லல. நீ பொறந்த வீட்டு வாசல்ல, இங்க ஆளே இல்லன்னு நீயே பலகை நடுறியே. அப்ப என்னை யாரு பெத்தா?”

அவள் ஒரு கல்வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள்.

அலூக்கி குழியைக் காலால் மூடினான். பலகையைத் தூக்கிப் படகில் போட்டான். கற்களைத் தாண்டி ஓரெட்டில் அவளிடம் போயிருக்கலாம். போகவில்லை. வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளிக்குச் சுற்றி வந்து, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தான்.