காணிக்கைத் தட்டில் ஒரு மாத்திரை அட்டை

இரண்டாயிரமாம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னாக, லிங்கராஜபுரத்தில் மிக அதிகமாக ஜெபிக்கப்பட்ட மனிதன் என் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். பிரவுன் சுகர் என்னும் போதைத் தூள் அவனைப் பல ஆண்டுகள் தின்றது. பிறகு மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நாள்தோறும் அதை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட வேண்டும். கரையும்வரை விழுங்கவும் கூடாது, பேசவும் கூடாது. அதன் தயவால் தூளை விட்டான், வேலைக்குப் போனான். வீட்டுப் பாத்திரங்களும் வீட்டிலேயே தங்கின.

இவ்வெற்றியை எங்கள் சபை மூப்பர் தம் ஜெபத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். மாத்திரை மட்டும் அவரை உறுத்தியது.

"ஒரு போதைய விட்டு இன்னொண்ணப் புடிச்சுக்கிட்டா அது விடுதலையா, தம்பி?" என்பார். சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுக் காப்பிக்கு முன் தம் நீரிழிவு மாத்திரையை விழுங்குவார்.

அவர் பேச்சைக் கேட்டுத் தம்பி முன்பு ஒருமுறை மருந்தை நிறுத்தினான். சில நாளில் மறுபடியும் தூள். குளியலறையில் மூச்சு ஓய்ந்து கிடந்தவனைக் கதவை உடைத்துத்தான் எடுத்தோம்; பிழைத்து, மறுபடி மாத்திரைக்கே வந்தான். அந்நிகழ்ச்சியை மூப்பர் விசுவாசக் குறைவு என்று வகைப்படுத்தினார்.

விட்டொழித்த பழக்கத்தின் அடையாளத்தைக் காணிக்கைத் தட்டில் வைத்துச் சாட்சி சொல்வது எங்கள் சபையின் வழக்கம். பீடிக்கட்டு, சீட்டுக்கட்டு எல்லாம் வந்திருக்கின்றன. ஒருமுறை பிராந்திக் குப்பியும் வந்தது. அது காலியாக வந்ததை யாரும் குறை சொல்லவில்லை. ஒரு ஞாயிறு, என் தம்பி மாத்திரை அட்டையைத் தட்டில் வைப்பான் என்று மூப்பர் எங்களைக் கேளாமலே அறிவித்தார். இன்னொரு கதவை உடைக்கும் வலு என்னிடம் இல்லை.

தம்பி சிறிது நேரம் தலைகுனிந்திருந்தான். பிறகு நிதானமாகச் சென்று அட்டையைத் தட்டில் வைத்தான். மூப்பர் மூக்குக்கண்ணாடி அணியாமலே அதை உயர்த்திக் காட்டினார். சபை அல்லேலூயா முழங்கியது. சாட்சி சொல்ல மைக்கை நீட்டினார். தம்பி வாய் திறக்கவில்லை. நேரம் கழிந்தது. ஆவியானவர் அவன் நாவைக் கட்டியிருக்கிறார் என்று மூப்பர் விளக்கமளிக்க, முன்வரிசைப் பெண்கள் அழத் தொடங்கினர்.

கடைசியில் தம்பி பேசினான்.

"மன்னிக்கணும் ஐயா, மாத்திரை கரையுற வரைக்கும் பேசக் கூடாது. உங்க கையில இருக்கிறது காலி அட்டை. நாளைக்குப் போய்ப் புதுசு வாங்கணும்."

யாரும் சொல்லாமலே பாடகர் குழு ஒரு கீர்த்தனையைத் தொடங்கிவிட்டது. மூப்பர் அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தம் நீரிழிவு மாத்திரை இருந்த சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

மறுநாள் தம்பி மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினான். அவனுக்காக ஜெபிப்பதைச் சபை அத்துடன் நிறுத்திக்கொண்டது. இன்றும் அவன் நலமாகவே இருக்கிறான்.