அப்பா ஊற்றிய திராட்சரசம்

ஷாரோனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தென்காசியில் அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? பெற்ற அப்பாவே அவள் பார்க்கிற வேலையை வாய்விட்டுச் சொல்லக் கூசினால், யாருக்குத்தான் வராது?

நாசிக்கில் ஒரு ஒயின் கம்பெனியில் ருசி பார்க்கக் கற்றுக்கொண்டு, இப்போது குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறாள். எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்று முடிவு செய்வது அவள்தான். அதிலும் சின்னக் கிளாசில் கொடுக்கிற இனிப்பு ஒயின் என்றால் அவளுக்கு உயிர். ஒரு வாய் எடுப்பாள், நாக்கில் உருட்டுவாள், வாசனை பார்ப்பாள், துப்பிவிடுவாள். விழுங்கிக்கொண்டே போனால் நாக்கு மழுங்கிப்போகும், வேலை நடக்காது.

இதை ஊரில் யாரிடம் போய்ச் சொல்ல? இங்கே ஒயின் என்றால் ஒயின்ஷாப், ஒயின்ஷாப் என்றால் வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடக்கிறவன். அதற்குமேல் யாருக்கும் யோசனை ஓடாது.

அப்பா ஸ்டான்லி சபைக் கமிட்டியில் இருப்பவர். அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "மக ஜூஸ் கம்பெனில இருக்கா" என்பார். என்ன ஜூஸ் என்று யாராவது தோண்டினால், "திராட்சரசம்" என்பார். சர்ச்சில் திருவிருந்தின்போது பாதிரி ஐயர் வாயால் வருகிற வார்த்தை. அதற்குமேல் யார் வாய் திறப்பது?

ஆலங்குளத்திலிருந்து இரும்புக்கடை ஞானதுரையும் அவர் மனைவியும் தங்கள் மகனுக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னபோது ஷாரோன் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என் வேலைய உள்ளபடி சொல்லிருங்கப்பா. பிடிச்சா வரட்டும், இல்லன்னா போகட்டும்."

"நான் சொல்லுதேம்ட்டி. எங்கிட்ட விடு."

விட்டாள். அப்பா வார்த்தையை நம்பாமல் வேறு யார் வார்த்தையை நம்புவது?

அவர்கள் வந்த அன்று சாரல் விடாமல் தூறியது. ஷாரோன் அடுப்படியில் கோழியை மிளகு போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். இனிப்பு ஒயினுக்கு அந்தக் காரம் அப்படிப் பொருந்தும். ரிசார்ட்டில் அடுத்து வரும் ஒரு விருந்துக்கு அதைத்தான் நினைத்திருந்தாள். அல்வா மட்டும் ஆகாது. தின்கிற பண்டம் ஒயினைவிட இனித்தால் ஒயின் புளிக்கும். முந்தின நாள் சேர்த்துப் பார்க்கத் திறந்த இனிப்பு ஒயின் பாட்டில் ஒன்று பிரிட்ஜில் பாதி இருந்தது.

கோழியோடு முன்னறைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பாட்டில் காலியாக மேஜை ஓரத்தில் இருந்தது. விருந்தாளிகள் இருவர் கையிலும் எவர்சில்வர் டம்ளர்.

"அண்ணாச்சி, நம்ம பிள்ள கம்பெனி திராட்சரசம். எப்படி இருக்கு?" என்று அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷாரோனுக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. வேலையை மறைத்தது ஒரு பக்கம். இன்னது என்று சொல்லாமல் இன்னொருவர் வாயில் ஊற்றியதை அவளால் தாங்க முடியவில்லை. இதை ரிசார்ட்டில் யாராவது செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பாள்.

ஞானதுரையோ ரசித்துக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த வெல்லம் போட்ட முந்திரிக்கொத்து ஒன்றைக் கடித்து, டம்ளரை வாயில் வைத்து ஒரு மடக்கு இழுத்தார்.

"தேன் வாசம் வருதும்மா. ஆரஞ்சுத்தொலி மாதிரியும் வருது. தனியா குடிச்சா நல்லாருக்கு, இந்த இனிப்புக் கொத்தோட சேந்தாத்தான் கொஞ்சம் புளிக்கி."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இந்த ஊரில் அவளுடைய வேலையைப் புரிந்துகொண்ட முதல் ஆள், அது என்ன வேலை என்றே தெரியாமல் புரிந்துகொண்டிருந்தார். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு மடக்குக்கு அவர் டம்ளரைத் தூக்கினார்.

"மாமா, அது ஒயின்" என்றாள்.

வாயில் எடுத்திருந்ததை ஞானதுரை ஜன்னலுக்குப் போய் வெளியே துப்பினார். அவர் மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் உதட்டைத் தேய்த்தார்.

"என்ன ஸ்டான்லி, எங்களக் குடிக்க வச்சு அசிங்கப்படுத்துதியளா?" என்றார் ஞானதுரை.

"அப்பா சொல்லாம ஊத்துனது தப்பு மாமா. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குதேன்" என்றாள் ஷாரோன். கோழித் தட்டை மேஜையில் வைத்தாள். "ஆனா இதுதான் என் வேல. நாங்களும் துப்பத்தான் செய்வோம். ருசியப் பாத்துத் துப்புவோம். நீங்க பேரக் கேட்டுத் துப்புதிய."

கோழி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. கார் கிளம்பிப் போகும்வரை ஸ்டான்லி வாசலில் நனைந்துகொண்டு ஏதேதோ சமாதானம் சொன்னார். உள்ளே வந்தவர் தலையைக்கூடத் துவட்டவில்லை.

"நல்ல இடம்ட்டி. ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்தைய நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா?"

ஷாரோன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்ததானப்பா. நீங்க சொல்லியிருக்கலாம்லா?"