ஏழாவது மைல் கூரை

வேம்புவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. திருத்துறைப்பூண்டி சாலையில் ஏழாவது மைல் கல்லுக்கு எதிரே அவள் குடிசை. வேலையும் அதே சாலையில்தான். கப்பிக்கல் பரப்புவாள், பள்ளத்துக்குத் தார் ஊற்றுவாள், புளியமரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நேரே இருக்கிற தாரைப் பெருக்குவாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தால், "ஒங்கப்பன் வூட்டு ரோடா?" என்று கேட்பாள். அது இவள் அப்பன் வீட்டு ரோடும் இல்லை. வம்பே அங்கேதான்.

ஒரு காலத்தில் சத்திரத்துக்கு வண்டி போன மண் தடம் அது. ஜில்லா போர்டு வந்து கப்பி போட்டது, அப்புறம் தார் வந்தது. குடவாசல் பக்கமிருந்து திருவாரூர் வழியாகத் தெற்கே இறங்கும். நாகூர் தர்கா கந்தூரிக்கு நடந்து போகிறவர்கள் வேம்பு வாசலில்தான் தண்ணீர் கேட்டுக் குடிப்பார்கள்.

அவள் ரோட்டுக்கு வந்தது அறுபத்தொன்பதில். அறுவடையில் அரைப்படி நெல் கூடக் கேட்டுச் சங்கம் கொடி பிடித்த நேரம். பண்ணைக் காரியக்காரர் கூலியாட்கள் குடியிருந்த தெருவுக்கே வந்துவிட்டார். "எங்க மனைக்கட்டுல குடியிருந்துகிட்டு எங்களையே எதுக்குறீங்களா? பழைய கூலிக்கு எறங்கு, இல்லன்னா எடத்தக் காலி பண்ணு" என்றார். தெருவே தலை குனிந்தது. வேம்புவின் புருஷன் இராஜாங்கமும் குனிந்தான். வேம்பு குனியவில்லை. அன்றைக்கே எட்டு ஆளைக் கூட்டி, கூரையை மூங்கிலோடு அப்படியே தூக்கி, மெயின் ரோட்டோரம் கொண்டுவந்து இறக்கினாள்.

"இது சர்க்கார் எடம். எவன் வந்து காலி பண்ணுன்னு சொல்றான்னு பாக்குறேன். இனி அந்த மண்ணுல கால் வச்சா நான் வேம்பு இல்ல."

பக்கத்து மனை ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி நீலாம்பாள், வர மறுத்தாள். "அடிமையாவே கெட" என்று சொல்லிவிட்டு வந்தாள் வேம்பு. மண்ணில் ஆழப் பதிந்த கல் உரலை மட்டும் பெயர்க்க முடியவில்லை.

இரண்டே வருஷம். குடியிருப்புச் சட்டம் வந்தது. பண்ணை மனையில் யார் குடியிருக்கிறார்களோ, மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. குனிந்தவர்களுக்கெல்லாம் பட்டா, நிமிர்ந்தவளுக்கு ரோட்டோரம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? நீலாம்பாள் இரண்டு தடவை பேச வந்தாள். வேம்பு அவள் மேலேயே புழுதி பறக்கப் பெருக்கினாள். இராஜாங்கம் காமாலையில் செத்துப்போன அன்றும் பேசவில்லை.

எண்பத்து நாலில் அந்தச் சாலைக்கு மாநில நெடுஞ்சாலை என்று பெயர் ஏறியது. மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். குழி வெட்டியவள் வேம்புதான். அடுத்த நாள் சாலை ஆய்வாளர் ஜெகபர் அலி வந்து, அவள் குடிசைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். அவருக்கே முகம் சரியில்லை.

"ரோட்ட அகலப்படுத்துறாங்கம்மா. வெள்ளிக்கெழமைக்குள்ள எடுத்துடுங்க."

"எங்க சார் எடுத்துக்கிட்டுப் போவ?"

"சொந்தக்காரங்க யாரும் இல்லியா?"

வேம்பு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். மூன்று நாள் கால் போன பக்கமெல்லாம் நடந்தாள். கோயில் மனையில் விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் மதகுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு துண்டு இடம் கிடைத்தது. ஐப்பசி வெள்ளத்தில் முதலில் போகிற இடம். போகட்டும், அதுதான் கதி என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கூரை தூக்க ஆட்கள் வந்தார்கள். கூப்பிடாமலே நீலாம்பாளும் தன் இரண்டு மகன்களோடு வந்து நின்றாள். கூரைக்கு அடியில் தோள் கொடுப்பவர்களுக்குத் தங்கள் கால் மட்டும்தான் தெரியும். முன்னால் ஒருவர் போய் வழி சொல்ல வேண்டும்.

"நான் வழி சொல்றேன்" என்றாள் நீலாம்பாள், யாரையும் பார்க்காமல்.

"வாய்க்காங்கரைக்கு" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு வேம்பு நடு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாள்.

காலடியில் தார் போயிற்று. பிறகு கப்பி, பிறகு மண். "மதகு வருது, பாத்து" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. மதகைத் தாண்டினால் வலப்பக்கம் வாய்க்கால் கரை, இடப்பக்கம் பழைய தெரு. கூரை இடப்பக்கம் திரும்பியது.

வேம்புவின் கால் கண்டுகொண்டுவிட்டது. நிறுத்து என்று ஒரு சொல் போதும். அவள் மூங்கிலைத் தோளில் மாற்றிப் பிடித்தாள். பதினைந்து வருஷ வைராக்கியத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நடந்தாள்.

மண் சட்டென்று சுத்தமானது. புல் இல்லை, முள் இல்லை, அன்றாடம் பெருக்கிய தரை. அவள் பாதத்துக்கு முன்னால் உரல் இருந்தது. அவளுடைய உரல்தான்.

"நில்லுங்க. எறக்குங்க" என்றாள் நீலாம்பாள்.

புதிதாக நட்டிருந்த மூங்கில் கால்களின் மேல் கூரை உட்கார்ந்தது. நீலாம்பாள் குனிந்து உள்ளே வந்தாள்.

"பட்டாவுக்கு அளக்க வந்தப்ப நம்ம ரெண்டு மனையும் ஒரே குடும்பம்னு சொல்லி என் பேருல எழுதிக்கிட்டேன். நடுவுல வேலி போடல."

"இத்தினி வருஷமா சொல்லலியேக்கா."

"நீ எங்க பேச விட்ட?"

ரோட்டில் ஜல்லி லாரி ஹாரன் அடித்தது. வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை. உரல் விளிம்பில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.