கல்லிலிருந்து அளக்கும் மாது

மாது முதலில் முடிச்சைத்தான் பார்க்கிறார். பதாகையில் யார் சிரிக்கிறார்கள், என்ன விழா, என்ன தேதி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. கட்டுக்கம்பியை முறுக்கி நுனியை உள்பக்கம் மடக்கியிருந்தால் கூலிக்குக் கட்டியவர்கள். சணல் கயிற்றில் ஏழெட்டு முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் கல்யாண வீட்டுப் பையன்கள். கம்பிக்குக் கட்டிங் பிளேயரை எடுப்பார். கயிற்றை மட்டும் அறுக்க மாட்டார், உட்கார்ந்து அவிழ்ப்பார்.

“அறுத்தா ஒரு நிமிசம், அவுத்தா மூணு நிமிசம். கயிறு மிச்சமாவுதுல்லங்க.”

அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி மொபெட்டின் கைப்பிடியில் மாட்டுகிறார். பிறகு பதாகையைத் தரையில் விரித்து, முகங்கள் உள்ளே போகும்படி சுருட்டுகிறார். காதணி விழாக் குழந்தையானாலும் கட்சிக்காரரானாலும் சுருட்டும் விதம் ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலிப் பதாகை என்றால் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொடங்குகிறார்.

மாதுவுக்கு ஐம்பத்து நான்கு வயது. நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர். கடத்தூரிலிருந்து மொரப்பூர் போகும் வழியில் எட்டு கிலோமீட்டர் அவர் பொறுப்பு. குழி அடைப்பது, முட்செடி வெட்டுவது, பாலச் சுவருக்கு வெள்ளை அடிப்பது, புளியமரங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை போடுவது என்று வேலை பலவிதம். ஆனால் அந்தச் சாலையில் யாரிடம் கேட்டாலும் ‘போர்டு புடுங்கறவரு’ என்றுதான் வழி சொல்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. வேலை பிடித்திருக்கிறது. காலையில் கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு ஏழு மணிக்குச் சாலையில் நிற்கும் மனிதரின் முகத்தில், தன் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவரின் தெளிவு இருக்கிறது.

கூட வேலை செய்பவர் பாஞ்சாலி. மாதுவை விட நான்கு வயது இளையவர். மாது பதாகையைச் சுருட்ட, பாஞ்சாலி சவுக்குக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டே அதைப் படித்து விமர்சனம் செய்வார்.

“புள்ள மூஞ்சி இத்தினியூண்டு. மாமன் மூஞ்சி பஸ்ஸு டயராட்டம். காது குத்தறது யாருக்குண்ணா?”

“செலவு மாமன்தானே பண்றான். போட்டுக்கட்டும் போ.”

“அப்பறம் எதுக்குக் கழட்டறீங்க?”

“வளைவுல வெச்சிருக்கானே. அந்தப் பக்கம் வர்ற வண்டி மாமனுக்குப் பொறத்தாலல்ல இருக்குது.”

புளியமரங்களில் அடித்த தகரப் பலகைகள் வேறு ரகம். டியூஷன், மூல நோய், ஆழ்துளைக் கிணறு, வீட்டு மனை. மாது ஆணியைப் பிடுங்கி, பலகையிலிருக்கும் எண்ணுக்கு அங்கேயே நின்று போன் செய்வார். குரலில் கோபம் இருக்காது.

“சார், உங்க போர்டு எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க. நாலு நாளு வெச்சிருப்போம். வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க. மறுபடி மரத்துல மட்டும் அடிக்காதீங்க, அது உங்கள ஒண்ணும் பண்ணலயே.”

மறுமுனையில் சிலர் திட்டுவார்கள். அவர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, திட்டு முடிந்ததும், “சரிங்க, வெச்சிடறங்க” என்பார். பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்குவது அவர் பழக்கம். “அண்ணன் வூட்டு ஆட்டுக்கொட்டா முழுக்க டியூஷன் ஆணிதான். ஆடெல்லாம் இங்கிலீசு பேசுது” என்கிறார் பாஞ்சாலி.

மாதுவின் தொழிலில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. எல்லைக்கல்லிலிருந்து அளக்காமல் எந்தப் பலகையையும் தொட மாட்டார். சாலையின் இரு பக்கமும் நெடுஞ்சாலைத் துறையின் எல்லையைக் காட்டும் கற்கள் உண்டு. முழங்கால் உயரம், சாலையைப் பார்க்கும் பக்கத்தில் பொறித்த எழுத்து. பாதி புதரில் இருக்கும், பாதி மண்ணில். உதவிப் பொறியாளர் இளம் வயதுப் பெண். “சாலை நடுக்கோட்டிலிருந்து அளந்தால் போதுமே” என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். மாது ஒப்புக்கொள்ளவில்லை.

“ரோடு நவுரும் மேடம். ஒவ்வொரு தார் போடறப்பவும் ஒரு பக்கமா சாஞ்சுக்கும். கல்லுதான் மேடம் கணக்கு.”

எனவே பலகை அகற்றப் போகும் இடமெல்லாம் முதலில் கடப்பாரையால் புதரைத் தள்ளிக் கல்லைத் தேடுவார். இரண்டு கற்கள் கிடைத்ததும் இடையில் நூல் கட்டுவார். நூலுக்குச் சாலைப் பக்கம் இருந்தால் பலகை போகும். வயல் பக்கம் இருந்தால் அவர் போய்விடுவார். இந்த நூலுக்கு அந்தச் சாலையில் ஒரு மரியாதை இருக்கிறது. சண்டைக்கு வருபவர்கள்கூட நூலைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கிவிடுகிறார்கள்.

மே மாதம் இரண்டாம் வாரம், பழைய பலகைகளையும் விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதில் போனது வஹிதாவின் பலகை. அவர் தையல்காரர். கடை, சாலையிலிருந்து நாற்பதடி உள்ளே ஒரு சந்தில், வீட்டின் முன் அறையில் இருக்கிறது. சந்தின் வாயிலில் அவர்கள் பட்டா நிலத்தின் மூலையில் இரும்புக் காலில் நான்கு வருடமாக நின்ற பலகை அது. ‘வஹிதா தையலகம், பள்ளிச் சீருடை தைத்துத் தரப்படும்’ என்ற எழுத்தும் சந்துக்குள் காட்டும் ஓர் அம்பும். அன்று மாது நூல் கட்டினார். பலகை நூலுக்குச் சாலைப் பக்கம் இரண்டடியில் நின்றது. வஹிதா வீட்டில் இல்லை. மாது பலகையைத் தோண்டி எடுத்து, பிரிவு அலுவலகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போன் செய்தார்.

நான்காம் நாள் வஹிதா அலுவலகத்துக்கு வந்தார். கையில் பட்டா நகல். கழுத்தில் அளவு நாடா, கழற்ற மறந்திருந்தார்.

“அண்ணா, ஸ்கூலு தொறக்க இன்னும் மூணு வாரம்தான். வருசத்துல இந்த ஒரு மாசம்தான் எனக்குத் துணி வரும். பஸ்ஸுல வர்றவங்க போர்டைப் பார்த்துத்தான் எறங்குவாங்க. நாலு நாளா எல்லாம் நேரா கடத்தூருக்குப் போறாங்க. மிசினுக்கு வேலையே இல்ல.”

“புரியுதும்மா. ஆனா நூலுக்கு இந்தப் பக்கமில்ல இருந்துது.”

“நானும் டேப்பு புடிக்கிறவதாண்ணா. சட்ட லூசாயிடுச்சின்னு வந்தா நான் துணியைப் பாக்க மாட்டேன், எங்கயிருந்து அளந்தேன்னுதான் பாப்பேன். நீங்க எங்கயிருந்து அளந்தீங்க?”

“கல்லுலருந்துதான்.”

“எந்தக் கல்லு?”

இத்தனை வருடத்தில் மாதுவிடம் எத்தனையோ கேள்விகள் வந்திருக்கின்றன. எந்தக் கட்சி, எவ்வளவு வாங்கினாய், அவன் பலகையை ஏன் விட்டாய். எந்தக் கல் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று பிற்பகலே போனார். சந்துக்குப் பத்தடி தள்ளி, நஞ்சப்பன் என்ற விவசாயியின் வயலோரம் அந்தக் கல் நின்றது. மாது அதன்முன் குந்தி உட்கார்ந்தார். முன்பக்கம் எழுத்தில்லை. கையால் தடவினார். எழுந்து பின்னால் போய்ப் பார்த்தார். எழுத்து அங்கே இருந்தது, வயலைப் பார்த்தபடி. அன்றைக்குக் கொடி மூடியிருந்த கல்லின் தலையை மட்டும் பார்த்துவிட்டு நூலைக் கட்டியிருந்தார். அந்த இடத்தில் சாலை லேசாக வளைவதால் நூல் சாய்ந்ததும் கண்ணுக்குப் படவில்லை.

நஞ்சப்பன் வரப்பிலிருந்து வந்தார். எழுபதைத் தொட்ட மனிதர். தலையில் துண்டு.

“என்னா மாது, கல்லுகிட்ட குசலமா?”

“இந்தக் கல்ல யாருங்க நவுத்துனது?”

“நாந்தான்.” அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. “போன வருசம் தண்ணிக் குழாய்க்குப் பள்ளம் நோண்டுனாங்கல்ல, அப்ப அந்த மிசினு தள்ளி உட்டுட்டுப் போயிருச்சு. மூணு மாசம் மண்ணுல கெடந்துது. கவர்மெண்டு கல்லாச்சேன்னு நாந்தான் தூக்கி நட்டேன்.”

“அதே எடத்துலயா நட்டீங்க?”

“அங்க நட்டா என் டிராக்டரு திரும்பறப்ப இடிக்குது. நாலடி எம்பக்கம் தள்ளி நட்டேன். எழுத்தும் எம்பக்கம் வெச்சேன். நாந்தானே தெனம் பாக்கறேன்.”

மாதுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லைக்கல்லை நகர்த்துகிறவர்களை அவருக்குத் தெரியும். எல்லோரும் சாலைப் பக்கம் நகர்த்துவார்கள், நிலம் கூடும் என்று. தன் நிலத்துக்குள் நாலடி உள்ளே நட்டுக்கொண்ட மனிதரை அவர் பார்த்ததில்லை. அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

“உங்க நெலம்தானுங்க கொறையுது!”

“கல்லு அங்க இருந்தா நெலம் ஓடிப் போயிருமா? சோளம் அது பாட்டுக்கு வெளையுது.”

மாது எதிர்ப்பக்கக் கல்லைத் தேடினார். அடுத்த கல்லையும் அதற்கடுத்த கல்லையும் தேடி நூல் கட்டினார். சரியான இடத்தில் ஒரு முழம் தோண்டியதும் பழைய குழியின் ஜல்லி தட்டுப்பட்டது. அங்கிருந்து அளந்தால் வஹிதாவின் பலகை நின்ற இடம் எல்லைக்கு வெளியே இரண்டடி.

அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் சொன்னபோது குரல் தணிந்திருந்தது. “தப்பு என்னுது மேடம். எழுத்தப் பாக்காம நூலு கட்டிட்டேன்.” அவர் கோபிக்கவில்லை. கல்லை உரிய இடத்தில் நடவும், பலகையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கவும் சொன்னார்.

பாஞ்சாலிக்குத்தான் கவலை. “கூப்புட்டுக் குடுத்துட்டு வந்துருங்கண்ணா. தப்புன்னு வெளிய சொன்னீங்கன்னா நாளைக்குப் பைல்ஸ் டாக்டரு, போர்வெல்லு எல்லாம் வந்து, எந்தக் கல்லுன்னு கேப்பான்.”

“கேக்கட்டும். போயிக் காட்டறேன்.”

“அந்த நூலுக்கு இருக்கற மருவாதி போயிருமேண்ணா.”

“தப்பா கட்டுன நூலுக்கு என்னா மருவாதி?”

மறுநாள் காலை பத்து மணிக்கு, சாலையில் ஆள் நடமாட்டம் அதிகமிருக்கும் நேரத்தில், மாது பலகையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: “என்னா மாது, ரூட்டு மாறிப் போவுது? போர்டு அந்தப் பக்கமில்ல போவணும்?”

“தப்பா புடுங்கிட்டேன். நடப் போறேன்.”

“நீயா?”

“வேற யாரு? புடுங்குனது நாந்தானே.”

முதலில் கல்லை நட்டார், எழுத்து சாலையைப் பார்க்க. நஞ்சப்பன் ஒரு கை கொடுத்தார், டிராக்டருக்காகக் கொஞ்சம் முனகியபடி. பிறகு பலகை. ஆயிரம் பலகைகளைப் பிடுங்கிய மனிதருக்கு ஒன்றை நடத் தெரியவில்லை. முதல் குழி ஆழம் போதவில்லை, இரண்டாவது அகலமாகிவிட்டது. பலகை மொரப்பூர் பக்கம் சாய்ந்தது.

“வலது பக்கம் தூக்குங்கண்ணா. இன்னும், இன்னும். இப்ப எறக்குங்க.” வஹிதா சந்து வாயிலில் நின்று, தோள் அளவு பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “கழுத்து எறங்கிருச்சு. ஆங், நில்லுங்க. அப்படியே மண்ணத் தள்ளுங்க.”

பாஞ்சாலி மண்ணைத் தள்ளிக் கல்லைப் போட்டு மிதித்தார். “புடுங்கறது எவ்ளோ சுளுவுன்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றார். வஹிதா சிரித்துவிட்டார். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “அஞ்சு நாளு போச்சுண்ணா” என்றார். அதில் குத்தல் இல்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனமில்லை. மாது தலையாட்டிக்கொண்டார்.

வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. பாஞ்சாலி மொபெட்டருகே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். மாது சாலையின் எதிர்ப்பக்கம் போய், பேருந்து வரும் திசையிலிருந்து நடந்துவந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பலகை எங்கே தெரியத் தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தேரிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய பெரியவர் ஒருவர் மொரப்பூர் போகும் பேருந்துக்காகச் சந்து வாயிலில் நின்றார். தலைச்சுமையாகக் கொண்டுவந்த சாமை மூட்டைகள் இரண்டையும் நிழலுக்காகப் பலகையின் முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் துண்டையும் விரித்திருந்தார். அம்பும் ‘சீருடை’யும் மறைந்துவிட்டன.

தூரத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது. மாது சாலையைக் கடந்து வந்தார். துண்டை எடுத்துப் பெரியவர் தோளில் போட்டார். மேல் மூட்டையைத் தன் தோளில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புளியமர நிழலில் இறக்கி வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்கத் திரும்பி வந்து குனிந்தார்.