சாங்குய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

என் கொழுந்தன் சாங்குய்யின் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தால் முதலில் கண் எரியும், அப்புறம்தான் வெள்ளரிக்காய் தெரியும். பச்சைக் கோழி எருவும் யூரியாவும் பிளாஸ்டிக் கூரைக்குள் அடைபட்டு வேகிற நாற்றம் அது. சீனத்தில் எங்கள் ஷாண்டோங் பக்கம் ஊருக்கு ஊர் இந்தக் குடில்கள்தான், ஆனால் இவன் குடில் அளவுக்கு எதுவும் குமட்டாது. நான் மூக்கைப் பொத்தினால் சிரிப்பான்.

“விளைச்சல் வாசனை அண்ணி. பழகிக்குங்க.”

அவன் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் நிலத்துக்குப் போட ஒன்றும் கிடையாது. கூடையைத் தூக்கிக்கொண்டு சாணம் பொறுக்கத்தான் சாங்குய் சின்ன வயதில் தெருவெல்லாம் அலைந்தான். வெளியே போன இடத்தில் ஒன்றுக்கு வந்தால்கூட அடக்கிக்கொண்டு வீட்டு எருக்குழிக்கே ஓடிவர வேண்டும். ஒருநாள் அடக்க முடியாமல் அடுத்தவன் அவரைக் கொல்லையில் போய்விட்டான். மாமனார் விளக்குமாறு பிய்யும் மட்டும் அடித்தார். அவ்வளவு பார்த்துப் பார்த்து எரு சேர்த்தும் சோளம் மஞ்சளாய், முழங்கால் உயரத்துக்குத்தான் நிற்கும். அதுவரை எனக்கும் அவன்மேல் இரக்கம்தான்.

யூரியா மூட்டை வந்தது, அவன் கை நிற்கவில்லை. ஒரு பிடி போதும் என்ற இடத்தில் ஒரு முறம் போடுவான். செடி குடித்தது போக மிச்சம் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நான் சொல்லிப் பார்த்தேன்.

“ஒரு போகம் சோயா போடுடா. அந்த வேரே மண்ணுக்குச் சத்துப் பிடிச்சுக் குடுக்கும்.”

“காத்துலேருந்துதானே பிடிக்குது? அதே காத்தை ஃபாக்டரிக்காரன் பிடிச்சு மூட்டையில கட்டியே குடுத்துட்டான். இனிமே என்ன கஞ்சத்தனம்?”

பிறகு அவன் மகள் நியூநியூ பிறந்தாள். அவன் மனைவி ஹோங்லிங்குக்குப் பால் சுரக்கவில்லை, மாவுப் பால்தான். குழந்தைக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. குளிர்காலம் முழுக்க நிலக்கரி அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் சுண்டச் சுண்ட, குடிலை ஒட்டின கிணற்றிலிருந்து இறைத்து மேலே மேலே ஊற்றுவார்கள். “நல்லாக் கொதிக்க விடு, எம்பொண்ணுக்குச் சுத்தமா இருக்கணும்” என்று சாங்குய்யே பக்கத்தில் நிற்பான்.

ஒரு காலை குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு ஹோங்லிங் துணி அலசப் போனாள். குழந்தை அழவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். உதடும் நகமும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஹோங்லிங்கைக் கத்திக் கூப்பிட்டேன். எரு ஏற்றும் மூன்று சக்கர வண்டியிலேயே மூவருமாய் ஏறிக்கொள்ள, சாங்குய் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். வழியெல்லாம் கோழி எரு நாற்றத்தில் அந்தப் பிஞ்சு மூச்சுக்குத் தவித்தது.

பெண் டாக்டர் ஒரு நீல மருந்தை ஊசியில் ஏற்றினாள். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாய் வெளுத்து, பிறகு சிவந்து, வீலென்று அழுதது. அதற்கப்புறம்தான் டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினாள்.

“பாலுக்கு என்ன தண்ணி?”

“எங்க கிணத்துத் தண்ணிதான். நாள் பூரா கொதிக்க வச்சது” என்றான் சாங்குய், பெருமையாக.

“அதான் வினை. கொதிச்சாக் கிருமி சாகும். நீங்க போட்ட உரம் நைட்ரேட்டா மாறிக் கிணத்துல இறங்கியிருக்கு, அது சாகாது. தண்ணி ஆவியாப் போகும், அது மட்டும் அடியில தங்கிக் கெட்டியாகும். பச்சைக் குழந்தை ரத்தத்துல அது சேர்ந்தா மூச்சுக்காத்தை ரத்தம் எடுத்துட்டுப் போகாது. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்லை.”

வீட்டுக்கு வந்ததும் டவுனிலிருந்து கேன் தண்ணீர் இறக்கினான். திருந்திவிட்டான் என்று நினைத்தேன். மறுநாளே தோளில் யூரியா மூட்டையோடு குடிலுக்குள் போகிறான்.

“வெட்கமா இல்ல உனக்கு?” என்றேன்.

“அதான் கேன் வாங்கியாச்சே அண்ணி.”

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தக் கிணற்றுக்கும் என் வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் மருமகள் மாசமாக இருக்கிறாள். ஒரு சொட்டை அடுத்தவன் கொல்லையில் விட்டதற்கு அடி வாங்கியவன், இப்போது ஊர்க் கிணறு அத்தனையிலும் விடுகிறான்.

ஹோங்லிங் சண்டை போடவில்லை. மலைப்பக்கத்து அம்மா வீட்டுக்கு மூட்டை கட்டினாள், அங்கே ஊற்றுத் தண்ணீர். கிளம்பும்போது கெட்டிலில் மிஞ்சிக் கிடந்த கிணற்றுத் தண்ணீரை ஒரு தம்ளர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“எப்ப வருவ?” என்றான்.

“இதை நீ குடி. குடிச்சிட்டு நல்ல தண்ணின்னு சொல்லு. இப்பவே மூட்டையப் பிரிக்கிறேன்.”

அவன் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீளவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்துத் தம்ளரை எடுத்தான். முற்றத்தில் கொட்டப்போகிறான் என்று நினைத்தேன். தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிலுக்குள் நடந்தான். நான் பின்னாலேயே போனேன். குனிந்து, ஒரு வெள்ளரிச் செடியின் வேரில் மெதுவாக ஊற்றினான். அதுவும் உரம்தானே, கடைசிச் சொட்டு விழும்வரை தம்ளரைக் கவிழ்த்தே பிடித்திருந்தான்.