வேன் சத்தத்துக்கு மேலே ஒரு குரல்

விதிமுறைகளைப் படிக்காமல் 'சம்மதம்' பொத்தானை அமுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் எல்லோருமே அந்த ரகம். கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டும் என் அக்கா அதில் முதலிடம். புதிதாக எந்த ஆப் வந்தாலும் இறக்குவாள், அது கேட்டதற்கெல்லாம் சரி சொல்வாள், பிறகு போன் மந்தமாகிவிட்டது என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் திட்டுவாள். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிற நேரமெல்லாம் அவளுக்கு அதுதான் வேலை. எஞ்சின் உறுமும், பின்னால் பிள்ளைகள் கத்தும், அதற்கு மேலே அவள் குரல் எழும்பும்.

நான் கணினியே கதி என்று கிடக்கிறவன். ஒரு மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று திறந்து பார்க்க முடிய வேண்டும், நம் தகவல் நம் கையில் இருக்க வேண்டும் என்று கல்யாணப் பந்தியில்கூடப் பேசி, பக்கத்து இலைக்காரரைப் பாயசத்துக்கு முன்பே எழுந்து ஓட வைத்திருக்கிறேன். போனில் வந்த எதையும் அழிக்கமாட்டேன். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைப்பேன். "குப்பைத்தொட்டிக்குக் கரண்ட் பில் கட்டறவன் நீ ஒருத்தன்தான்டா" என்பாள் அக்கா.

அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தபோது, பிள்ளைகளிடம் கத்திக் கத்தித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. குரல்வளையை எடுத்தால் பிழைப்பார், ஆனால் பேச்சு போய்விடும் என்றார் டாக்டர். காரில் வீடு திரும்பும் வழி முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவும்தான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

துறைமுகத்தில் வேலை செய்யும் மாமா, அக்காவின் கணவர், ஒரு ஆப்பைத் தேடிப் பிடித்தார். அது கொடுக்கும் வாக்கியங்களை நாம் படித்தால் நம் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு நாம் தட்டுகிற எதையும் அந்தக் குரலில் பேசும். நான் வழக்கம்போல விதிமுறைகளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, உன் குரல் அவன் சர்வர்ல இருக்கும். சேவையை மேம்படுத்தறேன்னு சொல்லி என்னா வேணும்னாலும் செஞ்சிக்குவான். சந்தா கட்டலன்னா உன் வாய மூடிடுவான்."

"இத்தன வருசமா ஒங்க மாமாவாலயே முடியல. அவன் வந்து மூடிடுவானா?"

மாமா சிரிக்கவில்லை. "வாய் போகப் போறவகிட்ட போயி சட்டம் பேசாத லா. அவ பேசணும். எனக்கு அவ்ளோதான்."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்றைக்கே அக்கா பதிவு செய்தாள். 'இன்று வானிலை இதமாக உள்ளது' என்கிற மாதிரி வாக்கியங்கள், கரகரத்த குரலில். ஆப் பேசிக் காட்டியதைக் கேட்டால் தொண்டை கட்டிய யாரோ ஒருத்தி செய்தி வாசிப்பதுபோல இருந்தது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இது நான் இல்லடா. என் பழைய குரல் இருந்தா அதப் போடலாமா?"

ஆப் அதை ஏற்காது. நேரில் படித்தால்தான் உண்டு. அவள் போனிலிருந்த பழைய மெசேஜ்களும் போன் மாற்றியபோதே போய்விட்டன.

"என்கிட்ட இருக்குக்கா."

"என்னா இருக்கு?"

"நீ திட்டுனது. எல்லாமே."

மடிக்கணினியில் ஒன்றைப் போட்டேன். "டேய், போன எடுக்கமாட்டியா? தீபாவளிக்கு வரியா இல்லையா, சொல்லித் தொல! ஏய், கைய உள்ள எடு! ஒன்ன இல்லடா. சாப்ட்டியா நீ?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் சிரித்தாள், அப்புறம் உடைந்து அழுதாள். "எவ்ளோ நல்லா கத்தியிருக்கேன்" என்றாள். எனக்கும் அடக்க முடியவில்லை. மாமா தலையைத் தூக்காமலே, "இன்னொன்னு போடு" என்றார்.

"இத வச்சி நானே செய்யறேன்க்கா. வெளிய எங்கயும் போகாது, ஒரு டேப்லெட்ல போட்டு உன் கையில குடுத்துடறேன்."

உடனே சரி சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மென்பொருளைப் பற்றிக் கேள்வி கேட்டாள். "ஒன்கிட்ட ஒரு காப்பி இருக்குமா?"

"வேணாம்னா அழிச்சிடறேன்."

"அப்புறம் சொல்றேன். மொதல்ல பேச வை."

யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வேனின் உறுமலைப் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. முதலில் வந்தது, தகர டப்பாவுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது. ஆபரேஷன் நெருங்கிக்கொண்டே வந்தது. என் கொள்கைக்காக அவளை ஊமையாக்கிவிடுவேனோ? அந்த ஆப்பின் சந்தாவையும் யாருக்கும் தெரியாமல் நானே கட்டி வைத்தேன், சம்மதப் பொத்தானையும் அமுக்கினேன்.

கடைசியில் அவள் குரல் வந்தேவிட்டது. ஒரே குறை, அது கற்றுக்கொண்டது முழுக்கத் திட்டு. 'தண்ணி வேணும்' என்று தட்டினால்கூட சண்டைக்கு வந்தது. சாந்தமாக்கிப் பார்த்தேன், சாந்தமாக வந்தது, ஆனால் அது வேறு யாரோ.

ஆப்பா, நான் செய்த அந்தத் திட்டுக் குரலா என்று முடிவு செய்ய, மாமா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து போட்டுப் பார்த்தோம். ஆப்பின் குரல் "என்னங்க, இங்க வாங்க" என்றது. மாமா திரும்பவே இல்லை. என்னுடையதைப் போட்டேன். "இதோ வந்துட்டேன்!" என்று பதறி எழுந்து ஓடி வந்தார். வந்தவர் மேசைமேல் இருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அக்கா சிரித்துச் சிரித்து இருமினாள். சந்தாவை ரத்து செய்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மறுபடியும் வேன் ஓட்டுகிறாள். ஓட்டிக்கொண்டே தட்ட முடியாதே என்று, 'பெல்ட்ட போடு', 'கைய உள்ள எடு' இரண்டுக்கும் டேப்லெட்டில் பெரிய பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறார்கள் என்று மாமா சொன்னார்.

போன வாரம் பள்ளி வாசலிலிருந்து போன் செய்தாள். முன்பெல்லாம் அவள் பேசினால் நடுவே ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. இப்போது அவள் தட்டி முடிக்கும்வரை எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் நான் நிறையப் பேசலாம். பேசுவதில்லை, காத்திருக்கிறேன்.

அன்றைக்கு மட்டும் கேட்டேன். "அக்கா, அந்தக் காப்பிய அழிக்கவா? நீ இன்னும் பதில் சொல்லல."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. போனை சீட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாளோ என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல் சண்டைக்கு வந்தது.

"வச்சிக்கடா. இந்த டேப்லெட் கெட்டுப்போச்சின்னா, என் குரலுக்கு நான் யார்கிட்ட போயி நிப்பேன்?"

அந்தப் பக்கம் அவள் மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தாள். காத்திருந்தேன்.

"சாப்ட்டியா?" என்று அதட்டினாள்.